போடியிலிருந்து வந்த அம்மாவுக்கு: காட்டுத்தீ வேலைக்கு எந்தக் கதவு?

போன வாரம் போடிநாயக்கனூரிலிருந்து ஓர் அம்மா, மகளை என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்க மகளோடு வந்திருந்தார். மகள் பிளஸ் ஒன், கணக்கு உயிரியல் பிரிவு. "நர்ஸிங் போ, பேங்க் பரீட்சை எழுதுனு எவ்வளவோ சொல்லிட்டேன் சார். காட்டுத்தீ சம்பந்தமா படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. மலையில போய் வேகுறதுக்கா இவளைப் பெத்தேன்?" என்றார். அரை மணி நேரம் பேசியது அவருக்குப் போதவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, போடிக்குப் பக்கத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்துபோனார்கள். போடிக்காரருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மகளிடம் நான் ஏன் இந்த ஆசை என்று கேட்டபோது அவள் சொன்னதைக் கவனித்தீர்களா? "அன்னிக்கு அவங்களை யாராச்சும் மேல போக விடாம நிறுத்தியிருக்கலாம்ல சார்." அணைக்கப் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. தீ வருவதற்கு முன்னால் என்ன செய்திருக்கலாம் என்றுதான் யோசிக்கிறாள். இந்தத் துறையில் முக்கால்வாசி வேலை அங்கேதான் இருக்கிறது.

மாசி, பங்குனியில் மலை எரிகிறது என்றால் அதற்கான வேலை தை மாதமே தொடங்கிவிடும். காட்டுக்குள் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். சில மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் சருகையும் வெட்டிச் சுரண்டி, காற்று அடங்கிய வேளையில் கட்டுப்பாட்டோடு எரித்தும் விடுவார்கள். தீ அங்கே வந்து சேரும்போது தின்ன எதுவும் இருக்காது. கேட்க எளிது. எந்தச் சரிவில் போடுவது, உண்ணிச்செடிப் புதரை எவ்வளவு தூரம் அகற்றுவது, எந்தப் பாதையை அந்த மாதங்களில் மூடுவது என்பதெல்லாம் படிப்பும் அனுபவமும் சேர்ந்த கணக்கு. நெருப்பு மேட்டில் வேகமாக ஏறும். கீழே எரிகிற தழல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவதால் சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று இந்தத் துறையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. மேல்நோக்கி ஓடுகிறவரை அது முந்திவிடும். உங்கள் மகளுடைய 'யாராச்சும்' என்பவர் இந்தக் கணக்குத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும்.

அப்புறம் செயற்கைக்கோள். டேராடூனில் ஃபாரஸ்ட் சர்வே ஆஃப் இந்தியா என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. 2004 முதல் செயற்கைக்கோள் தகவலை வைத்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறார்கள். இப்போது வனத்துறை ஊழியர் கைப்பேசிக்கே குறுஞ்செய்தி வந்துவிடும், அட்சரேகை தீர்க்கரேகையோடு. கேட்டால் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்த எச்சரிக்கையில் தீ என்று காட்டுகிற ஒரு புள்ளி என்பது, செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் என்கிற கருவியில் 375 மீட்டர் சதுரம், பழைய மோடிஸ் கருவியில் ஒரு கிலோமீட்டர். விர்ஸ் உள்ள செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவாக்கிலும் மதியம் ஒன்றரை மணிவாக்கிலும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிடித்த தீ நள்ளிரவு தாண்டும் வரை அதன் கண்ணில் படாது. செய்தி வந்த இடத்துக்கு மூச்சு வாங்க ஏறிப் போனால் யாரோ தோட்டக்காரர் பட்டா நிலத்தில் சருகு எரித்துக்கொண்டிருப்பார். இந்தப் புள்ளிகளைப் படித்து எது பொய், எது மெய், எதற்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று சொல்கிறவர் மேசையில் உட்கார்ந்திருக்கும் நிபுணர். அவர் தீயின் பக்கத்திலேயே போக வேண்டியதில்லை.

இன்னொரு வகை ஆள் ஊருக்குள் பேசுகிறவர். நம் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதர் வைப்பது. மாட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்று கொளுத்துவார்கள், தேன் எடுக்கப் புகை போட்டு அப்படியே விட்டுவிடுவார்கள், பீடியை அணைக்காமல் எறிவார்கள். இவர்களோடு சண்டை போட்டு ஒன்றும் ஆகாது. சமூகப் பணி படித்த பிள்ளைகள் இங்கே மிகவும் தேவை. அப்படி யாரும் நினைப்பதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'காட்டுத்தீ நிபுணர்' என்று பெயர் போட்டு இங்கே பட்டமும் இல்லை, பணியிடமும் இல்லை. வேறு கதவு வழியாக உள்ளே போய்த்தான் அங்கே சேர முடியும். இதைத் தெரியாமல் தேடினால் விளம்பரக்காரர் கையில் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் முதலில் சொல்வது மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, நான்கு வருட பி.எஸ்ஸி ஆனர்ஸ் வனவியல். நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு. இவள் எடுத்திருக்கிற பிரிவு இதற்குச் சரியாகவே இருக்கிறது. படித்து முடித்ததும் வனத்தொழில் பழகுநர் தேர்வு எழுதினால் வனச்சரகராகலாம். உதவி வனப் பாதுகாவலர் தேர்வும் இருக்கிறது. இரண்டும் டிஎன்பிஎஸ்சி. அதற்கும் மேலே இந்திய வனப்பணி, அது யுபிஎஸ்சி. முதல்நிலைத் தேர்வு கலெக்டர் பரீட்சையோடு சேர்ந்ததுதான். அதில் ஒரு நடைத்தேர்வு உண்டு, நிறைய பேருக்குத் தெரியாது: நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர். மலையடிவாரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய விஷயமில்லை.

கணக்கில் கெட்டியாக இருந்தால் இரண்டாவது கதவு: கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்பர்மேடிக்ஸ். வரைபடம், செயற்கைக்கோள் படம் படிக்கிற படிப்பு. இதில் ஒரு வசதி, தீ வேலை கிடைக்காவிட்டாலும் வெள்ளம், நில அளவை, நகரத் திட்டம் என்று சோற்றுக்குப் பஞ்சமில்லை. உங்கள் மனநிம்மதிக்கு இதைத்தான் சொல்வேன். மகளுடைய கண் எதற்கு மின்னியது என்று கேட்டால் மேட்டுப்பாளையம்.

தீயணைப்புத் துறை தனி வழி. தீயணைப்பாளர், நிலைய அலுவலர் பணிகளுக்குச் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் ஆள் எடுக்கிறது, மாவட்ட அலுவலர் பதவி குரூப் ஒன்றில் வரும். நல்ல வேலைதான். ஆனால் அவர்கள் பாடு பெரும்பாலும் வீடு, கடை, ஆலை, கிணறு. லாரி போகாத சரிவில் வண்டியும் குழாயும் உதவாது. அங்கே இலைக்கொத்தை ஒடித்து அடித்து அணைக்கிறார்கள், அல்லது எதிர்த்தீ வைக்கிறார்கள், அதாவது தீ வந்து சேருமுன் அதன் வழியில் உள்ள புல்லைத் தாங்களே எரித்துவிடுகிறார்கள். 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் எரிந்தபோது சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து, ரேலியா அணையில் வாளி வாளியாக மொண்டு ஊற்றியது நினைவிருக்கும். அதையெல்லாம் ஒருங்கிணைக்கிறவர்கள் பேரிடர் மேலாண்மை ஆட்கள். அது முதுகலைக்குப் பிறகான பேச்சு, இப்போது வேண்டாம்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் இதே ஆசையோடு வந்த ஒரு பையனை, 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோ ஒன்றில் சேரச் சொன்னேன். பெயரில் ஃபயர் இருக்கிறதே என்று நானும் விசாரிக்காமல் விட்டுவிட்டேன். ஆறு மாதம், கணிசமான பணம். அந்தப் படிப்பு தொழிற்சாலைப் பாதுகாப்புக்கானது. அதற்குமே அந்தச் சான்றிதழைப் பெரிய ஆலைகள் மதிக்கவில்லை. பையன் இன்று வேறு தொழிலில் இருக்கிறான். அவன் அப்பா இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. விளக்குக் கம்பத்து நோட்டீஸைப் பார்த்து யாராவது இந்தக் கோர்ஸைச் சொன்னால், காட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நினைவில் வையுங்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2020 பிப்ரவரியில் கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூர் காட்டில் தீயை அணைக்கப் போன வனத்துறைக் காவலர்கள் மூன்று பேர் இறந்தார்கள். முன்வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் இவர்களும் சீசனுக்குத் தினக்கூலியில் எடுக்கிற தீக்காவலர்களும்தான். மலையை அவர்களைவிட அறிந்தவர் யாரும் இல்லை, சம்பளம்தான் குறைவு. உங்கள் மகள் அதிகாரியாகப் போனால் அந்த ஆட்களை எந்தச் சரிவில் நிறுத்துவது, எப்போது பின்வாங்கச் சொல்வது என்ற முடிவு அவள் கையில் இருக்கும். அந்தப் பொறுப்புக்கு அவள் தயாரா என்று பயப்படுங்கள், அது நியாயமான பயம்.

"காட்டு வேலைக்குப் போற பொண்ணை யார் கட்டுவா" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டீர்கள். அரசாங்க உத்தியோகம் என்றால் நம் ஊரில் சம்பந்தம் தானாக வரும். இதற்கு மேல் அந்தக் கேள்வியில் எனக்கு வேலை இல்லை, அம்மா.

இப்போது ஒன்று செய்யுங்கள். ஃபாரஸ்ட் சர்வே தரும் தீ எச்சரிக்கையைப் பொதுமக்களும் பதிந்து வாங்கலாம், காசு கிடையாது. மகளைத் தேனி மாவட்டத்துக்குப் பதியச் சொல்லுங்கள். பிப்ரவரி முதல் மே வரை வருகிற ஒவ்வொரு செய்தியையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், இடத்தோடு எழுதட்டும். மாடியிலிருந்து மலை தெரிகிறது என்றீர்களே, புகை கண்ணுக்குத் தெரிந்ததா, எந்தப் பக்கம் காற்று அடித்தது என்றும் பக்கத்திலேயே குறிக்கட்டும். பள்ளிப் பரீட்சை நாட்களில் விட்டுவிடலாம், குற்றமில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் இரண்டு பேரும் அந்த நோட்டோடு வாருங்கள். பத்து நாளில் சலித்துப்போய் மூடி வைத்திருந்தாலும் கொண்டு வாருங்கள், திட்ட மாட்டேன். நோட்டைப் பார்த்துவிட்டு மேட்டுப்பாளையமா கிண்டியா என்று பேசிக்கொள்ளலாம்.