இன்ஹேலருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள்

கேள்வி: ஆஸ்துமாவுக்காக நான் அழுத்தி உறிஞ்சும் இன்ஹேலரின் வால்வில் ரப்பர் வளையங்கள் உள்ளன என்று அறிந்தேன். கசியாமல் அடைப்பதுதானே அவற்றின் வேலை? அதற்கு எந்த ரப்பராக இருந்தால் என்ன?

பதில்: கசிவைத் தடுப்பது அவற்றின் வேலைகளுள் ஒன்று மட்டுமே. இன்று இவ்வகை இன்ஹேலர்களில் பெரும்பாலானவற்றில் உள்ள, மருந்தை வெளியே தள்ளும் எச்எஃப்ஏ-134ஏ என்னும் உந்துவாயு, அறை வெப்பநிலையில் வளிமண்டலத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் திரவமாக அடைபட்டிருக்கிறது. குப்பியின் கழுத்திலுள்ள வளையம் அசையாமல் இருந்தால் போதும்; ஆனால் அழுத்தும்போது நகரும் வால்வுத் தண்டைச் சூழ்ந்த வளையங்களோ, இருநூறு முறை அழுத்தினாலும் தண்டைத் தடையின்றி வழுக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் சில பத்து மைக்ரோலிட்டர் மருந்தை மட்டுமே வெளிவிட வேண்டும். ரப்பர் திரவத்தில் ஊறி அளவுக்கு மீறி உப்பினால் தண்டு சிக்கிக்கொள்ளும், சுருங்கினால் கசியும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையை அடுத்து உந்துவாயுக்கள் மாற்றப்பட்டபோது, பழைய ரப்பர்கள் புதிய திரவத்தில் வேறுவிதமாக நடந்துகொண்டதால், வளையங்களையும் புதிதாக வடிவமைக்க நேர்ந்தது.

இவற்றைவிட முக்கியமானது, ரப்பரிலிருந்து மருந்துக்குள் என்ன கரைகிறது என்பதே என்று நான் கருதுகிறேன். கந்தகத்தால் பதப்படுத்திய ரப்பரில் அந்தப் பதப்படுத்தலை விரைவாக்கச் சேர்க்கும் சில முடுக்கிகளிலிருந்து நைட்ரோசமைன்களும், கருமைக்குச் சேர்க்கும் கார்பன் கரியிலிருந்து பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் கசியக்கூடும்; இவ்விரு வகைகளிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை உண்டு. ஏற்கெனவே நொந்திருக்கும் நுரையீரலுக்குள் இவை நேராகச் செல்வதை ஏற்க முடியாது. ஆகவே கந்தகத்துக்குப் பதிலாகப் பெராக்சைடால் பதப்படுத்திய, இபிடிஎம் போன்ற செயற்கை ரப்பர்கள் விரும்பப்படுகின்றன. வளையங்களை எத்தனாலில் ஊறவைத்துக் கழுவிய பின் பொருத்தும் வழக்கமும் உண்டு. எதிர்த்திசையில், காற்றின் ஈரம் ரப்பரை ஊடுருவி மெல்ல உள்ளே செல்கிறது. அது மிகுந்தால் திரவத்தில் மிதக்கும் மருந்துத் துகள்கள் ஒட்டிப் பெரிதாகின்றன; ஐந்து மைக்ரானைத் தாண்டிய துகள்களில் பெரும்பாலானவை தொண்டையிலேயே தங்கிவிடும். காலாவதித் தேதியை மீறாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மீதமுள்ள மருந்தை அறியக் குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிடலாமா?

பதில்: கூடாது. மிதக்கும் நிலை மீதியைச் சரியாகக் காட்டாது. வால்வுக்குள் நீர் புகுந்து அடைப்பும் உண்டாகலாம். மீதமுள்ள அழுத்தல்களைக் காட்டும் எண்காட்டியைப் பாருங்கள்; அது இல்லையெனில் அழுத்திய எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். கழுவும்போது உலோகக் குப்பியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையை மட்டும் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே குப்பியை மீண்டும் பொருத்துங்கள்.