நாணயம் சேர்ப்போர் கேள்வி–பதில்: ‘போலி’ என்றவரை நீக்கலாமா?

கேள்வி: ஐயா, பழங்காசு சேர்ப்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். போன வாரம் ஒருவர் 1939ஆம் வருட வெள்ளி ரூபாயை விற்பனைக்குப் போட்டார். இன்னொருவர் ‘இது போலி’ என்றார். அதிலிருந்து ஒரே சண்டை. அட்மின் தலையிட வேண்டும் என்கிறார்கள் சிலர். பொழுதுபோக்குக் குழுவில் எதற்குப் போலீஸ் வேலை என்கிறார்கள் சிலர். நான் என்ன செய்வது?
— வாசகர், கரூர்

பதில்: தலையிடத்தான் வேண்டும். ஆனால் நான் பார்த்த குழுக்களில் அட்மின்கள் பெரும்பாலும் தப்பான ஆளைத்தான் நீக்குகிறார்கள். காசைப் போட்டவர் பழைய உறுப்பினர், ‘போலி’ என்றவர் நேற்று வந்த பொடியன். சமாதானம் என்ற பெயரில் பொடியனை வெளியே தள்ளிவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் குழுவில் யாரும் வாய் திறப்பதில்லை. போலிகள் தாராளமாக விலைபோகின்றன.

1939 ரூபாய் அரிதானது, அதனாலேயே அதில் போலிகள் அதிகம். விற்க வருபவர் இரண்டு பக்கப் படமும், விளிம்பின் படமும், தராசில் வைத்த எடையும் போட்டாக வேண்டும் என்று விதி வையுங்கள். அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்ந்தால் கொஞ்சம் குறையும், கூடவே கூடாது. ‘போலி’ என்பவரும் ஏன் என்று ஒரு வரி சொல்லட்டும்: எழுத்து மழுங்கியிருக்கிறது, வருட எண்ணைச் சுரண்டியிருக்கிறார்கள், இப்படி. காரணம் சொன்னவரின் பதிவை, விற்பவர் எவ்வளவு கத்தினாலும், நீக்காதீர்கள்.

கேட்காமலே உடனே நீக்க வேண்டியவை உண்டு. ‘வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம், முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்ற வகை விளம்பரம் அதில் ஒன்று. தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்துக்குக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. வங்கியில் காசாளராக இருந்தவன் நான். கவுன்டருக்கு அந்தக் காசோடு வந்து நின்றவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் கரூர் என்பதால் இன்னொன்று. அமராவதி ஆற்றுப் படுகையில் சங்ககாலச் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருடச் சட்டம். நூறு வருடம் கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் வருடச் சட்டம் தடை போடுகிறது. ‘ஆற்றில் எடுத்தது, துபாய்க்கும் அனுப்பப்படும்’ என்று யாராவது போட்டால் விவாதமே வேண்டாம், எடுத்துவிடுங்கள். உறுப்பினர் போட்டதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சரி, அதற்காகத் தெரிந்தே விட்டுவைப்பதா?

கடைசியாக, கோபித்துக்கொள்ளாதீர்கள்: நீங்களும் அந்தக் குழுவில் காசு விற்கிறீர்களா? விற்றால், விற்பனைத் தகராறுகளைப் பார்க்க விற்காத ஒருவரை இன்னொரு அட்மினாகப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர், செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார். நீக்கிவிடலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம் அம்மா. அது அறியாமை, மோசடி இல்லை. புளி தேய்த்த காசையும் தேய்க்காத காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அவர் பதிவுக்குக் கீழேயே போடுங்கள். காலப்போக்கில் படிந்த மேல்படலம் போன காசை வியாபாரி எவ்வளவு குறைந்த விலைக்குக் கேட்பார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புதிதாக வருபவர்களும் இரண்டையும் சேர்த்தே படிப்பார்கள்.

கேள்வி: காலை வணக்கப் படங்கள்?
— வாசகர், ஈரோடு

பதில்: அவற்றை நீக்க எனக்கும் ஆசைதான். பாதி என் மைத்துனர் போடுவது.