இரண்டாவது கைபேசியாக ஒரு பட்டன் போன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் திறன்பேசியில் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பட்டன் போன் ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அது உண்மையில் பயன்படுமா, வீண் சுமையாகிவிடுமா?

பதில்: பயன்படும். ஆனால் எந்த எண்ணை அதில் போடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலோர் இதற்கென்றே புதிதாக ஒரு சிம் வாங்கிப் பட்டன் போனில் போடுகிறார்கள். அந்த எண் யாருக்கும் தெரியாததால் அழைப்பு எதுவும் வருவதில்லை. அழைப்பு வராத போனைச் சார்ஜ் செய்யவும் நினைவிருப்பதில்லை. அவசரத்துக்குத் தேடி எடுக்கும் நாளில் அது அணைந்து கிடக்கிறது. நானும் முதல் ஆறு மாதம் இப்படித்தான் வைத்திருந்தேன். பிறகு, வீட்டாரும் நண்பர்களும் பல ஆண்டுகளாக அறிந்த எண்ணைச் சிறிய போனுக்கு மாற்றிவிட்டு, இணையத்துக்கென்று வேறொரு சிம்மைத் திறன்பேசியில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

எண்ணை மாற்றினால் வாட்ஸ்அப் நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். சிம் அதே கருவியில் இருக்க வேண்டும் என்று உங்கள் நாட்டு விதி கேட்காதவரை, அது பதிவு செய்யும் நேரத்தில்தான் எண்ணைச் சரிபார்க்கிறது. அதன் பிறகு அந்த சிம் வேறொரு போனில் இருந்தாலும், எண் உங்கள் பெயரில் தொடர்ந்து இயங்கும்வரை, திறன்பேசியில் செய்திகள் வந்துகொண்டிருக்கும். ஆனால் பணம் செலுத்தும் செயலிகள் சில, வங்கியில் பதிந்த சிம் அதே கருவிக்குள் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. நீங்கள் அப்படிப்பட்ட செயலியைப் பயன்படுத்துகிறீர்களா என்று பார்த்துவிட்டுப் பிறகு சிம்மைக் கழற்றுங்கள்.

சிறிய போனில் சார்ஜ் நீடித்திருப்பதற்கு பேட்டரியின் அளவு காரணமல்ல. பழைய நோக்கியா போன்கள் பலவற்றில் இருந்த பிஎல்-5சி பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 1000 மில்லி ஆம்பியர் மணிதான். இன்றைய திறன்பேசிகளில் இருப்பது அதைப் போல நான்கைந்து மடங்கு. பெரிய திரை, ஓயாமல் பின்னணியில் இயங்கும் செயலிகள், இடைவிடாத இணையத் தொடர்பு ஆகியவை இல்லாததால்தான் சிறிய போன் நாள்கணக்கில் தாங்குகிறது. இன்னொரு நன்மையை விரல்கள் மட்டுமே அறியும்: எண் 5 பொறித்த பட்டனின் மேல் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதில் கட்டை விரலை வைத்துவிட்டால் மற்ற எண்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. இருட்டிலும் ஓர் அழைப்பைச் செய்துவிடலாம்.

கேள்வி: மேசை இழுப்பறையில் நல்ல நிலையில் ஒரு பழைய போன் கிடக்கிறது. புதிதாக வாங்காமல் அதையே பயன்படுத்தலாமா?

பதில்: போன் நல்ல நிலையில் இருப்பது மட்டும் போதாது, அதற்கேற்ற அலைவரிசை உங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும். பழைய போன்களில் பல 2ஜி மட்டுமே அறிந்தவை. ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 2016 இறுதியில் 2ஜி சேவையை நிறுத்தியது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2017 தொடக்கத்திலும், சிங்கப்பூர் நிறுவனங்கள் அதே ஆண்டு ஏப்ரலிலும் நிறுத்தின. 2017இல் மறுபிறவி எடுத்த நோக்கியா 3310கூட முதலில் 2ஜி போனாகவே வந்ததால், அத்தகைய இடங்களில் அதை வைத்துப் பேச முடியாமல் போனது. மாறாக, ஜெர்மனியில் 2021இல் 3ஜியை மூடிவிட்டு 2ஜியை விட்டுவைத்தார்கள். எனவே புதிய தலைமுறைதான் நீடிக்கும் என்று பொதுவாகக் கணக்கிட முடியாது. உங்கள் சேவை நிறுவனத்திடம் கேட்பதே வழி. புதிதாக வாங்குவதென்றால் 4ஜி போனாக மட்டுமல்லாமல், 4ஜி வழியாகவே குரல் அழைப்பை எடுத்துச் செல்லும் வோல்ட்இ வசதி உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள்.

சிம்மின் அளவையும் கவனியுங்கள். பழைய போன்கள் 25க்கு 15 மில்லிமீட்டர் அட்டையைக் கேட்கும். இன்றைய நானோ சிம் 12.3க்கு 8.8 மில்லிமீட்டர். இடையில் போடும் பிளாஸ்டிக் சட்டம் கிடைக்கிறது. ஆனால் சிம் இல்லாமல் வெறும் சட்டத்தை மட்டும் உள்ளே தள்ளிவிடாதீர்கள். திரும்ப இழுக்கும்போது, மெல்லிய ரோமம் போன்ற உலோகத் தொடுமுனைகள் அதில் மாட்டி வளைந்துவிடும்.

கேள்வி: என் பட்டன் போனில் தமிழ்க் குறுஞ்செய்திகள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. போனில் கோளாறா?

பதில்: கோளாறு அல்ல. அந்தப் போனில் தமிழ் எழுத்துரு இல்லை. செய்தி சரியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த சிம்மைத் திறன்பேசியில் போட்டு, அதே செய்தியை மீண்டும் அனுப்பச் சொன்னால் படித்துவிடலாம். வாங்கும் முன்பே கடையில் நின்று அந்தப் போனுக்கு ஒரு தமிழ்ச் செய்தி அனுப்பிப் பாருங்கள். எங்கள் மொழியில் எழுதுவோர்க்கு இது மிக முக்கியம் என்று கருதுகிறேன். அம்மா அனுப்பும் இரண்டு வரியைப் படிக்க முடியாத போன் எனக்கு இரண்டாவது போனாகக்கூட வேண்டாம்.

அளவிலும் வேறுபாடு உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழில் எழுதினால் 70 இடங்கள்தான். புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் கேட்பதால், நாம் ஐந்தெழுத்து என்று எண்ணும் ‘வணக்கம்’ அங்கே 7 இடங்களை எடுத்துக்கொள்கிறது. நீண்ட தமிழ்ச் செய்தி இரண்டு மூன்றாக உடைந்து கணக்கிடப்படுவது இதனால்தான்.

கேள்வி: வங்கி அனுப்பும் ஓடிபி எண்கள் பட்டன் போனுக்கு வந்தால் பாதுகாப்பு கூடுமா?

பதில்: ஓரளவு கூடும். திறன்பேசியில் புகுந்து குறுஞ்செய்திகளைத் திருடும் தீய செயலிகளின் கைக்கு அந்த எண் எட்டாது. ஆனால் உங்கள் பெயரில் போலியாக மாற்று சிம் வாங்குபவரையும், பேசி மயக்கி உங்கள் வாயாலேயே எண்ணைச் சொல்ல வைப்பவரையும் எந்தப் போனாலும் தடுக்க முடியாது. *, # குறிகளுடன் ஒரு குறியீட்டை அழுத்தும்படி முன்பின் தெரியாதவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். **21* என்று தொடங்கும் குறியீடு உங்களுக்கு வரும் அழைப்புகள் அனைத்தையும் வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடும். ஐயம் எழுந்தால் *#21# அழுத்தி நிலையைப் பார்க்கலாம். ##21# அதை நீக்கிவிடும்.

கேள்வி: கடன் அட்டை அளவிலும் விரல் நீளத்திலும் போன்கள் விற்கிறார்களே, அவற்றை வாங்கலாமா?

பதில்: நான் வாங்க மாட்டேன். அவ்வளவு சிறிய உடலில் பேட்டரியும் ஆன்டெனாவும் ஒலிபெருக்கியும் சுருங்கித்தான் ஆக வேண்டும். சிக்னல் குறைந்த இடத்திலும் இரைச்சலான தெருவிலும் அந்தச் சுருக்கம் தெரிந்துவிடும்.

கேள்வி: அவசரத்துக்கு மட்டும் என்று அணைத்து வைக்க விரும்புகிறேன். எப்படி வைப்பது?

பதில்: லித்தியம் அயனி பேட்டரியை முழுவதும் நிரப்பியோ, முழுவதும் காலியாகவோ நெடுநாள் வைக்கக் கூடாது, பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். தானாகவும் சிறிது சிறிதாகக் குறையும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உயிரூட்டி, ஓர் அழைப்பும் செய்து பாருங்கள். நெடுநாள் பயன்படாத சிம்மைச் சேவை நிறுவனங்கள் துண்டித்துவிடுவதும் உண்டு. பின்மூடியைத் திறந்து பேட்டரியைத் தட்டையான மேசைமேல் வைத்துச் சுழற்றுங்கள். தட்டாமாலை போல அது சுற்றினால் உப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டாம்.