முறைப்பாடு சொல்லாத தமிழர்

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் பிறந்து ஆறு வயதில் சுவிஸுக்கு வந்தவள். இப்போது 34 வயது. ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். சனி, ஞாயிறு வேலைக்கு ஆள் குறைந்தால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். “தமிழர்கள் அமைதியானவர்கள், முறைப்பாடே சொல்ல மாட்டார்கள்” என்பார் பொறுப்பாளர். பாராட்டாகத்தான் சொல்கிறார். அம்மாவும் “நல்லதத்தானே சொல்றாங்க, பேசாம இரு” என்கிறா. பாராட்டுக்குப் போய்க் கோபப்படுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)
பாசல்

அன்புள்ள தங்கச்சி,

கோபம் வரத்தான் செய்யும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கு முன்னே, எண்பதுகளில் அங்கே வந்து இறங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தோல் ஜக்கெட் போட்ட தமிழ்ப் பொடியன் ரயில் நிலையத்தில் நின்றால் போதைப்பொருள் விற்கிறவன் என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. அந்தப் பொடியன்மார்தான் மறுகா உணவகக் குசினிகளில் கோப்பை கழுவி, ‘அமைதியான உழைப்பாளித் தமிழர்’ ஆனார்கள். ஜக்கெட்டைக் கழற்றியதால் வந்த ஞானமா என்ன? அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவன் முதலாளியோடு வாய்காட்ட மாட்டான். அவனுடைய பயத்துக்கு வைத்த பெயர்தான் அந்த ‘அமைதி’.

அமெரிக்காவிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். 1966இல் வில்லியம் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் அதே மக்களை, உழைத்து முன்னேறிய சிறுபான்மை என்று நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் புகழ்ந்து எழுதினார். ‘முன்மாதிரிச் சிறுபான்மை’ என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. கறுப்பின மக்களைப் பார்த்து, “அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியாது?” என்று கேட்க அந்தப் புகழ்ச்சி நன்றாக உதவியது. உங்கள் வார்டிலும் உங்களைப் புகழ்கிற அதே வாய் வேறு யாரைக் குத்துகிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நானும் மட்டக்களப்பான்தான். இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். முதல் இரவு என் பாயை விரித்தபோது அறைத்தோழன் எழுந்து தள்ளி நின்றான். “மட்டக்களப்பான் பாயோட ஒட்ட வச்சிடுவான்” என்றான். மட்டக்களப்புக்குப் போனவனை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்து ஊர் திரும்ப விடமாட்டார்கள் என்பது பழைய பேச்சு. நானும் சிரித்துக்கொண்டே, “அமாவாசைக்குப் பிறகு கழற்றி விடுறன்” என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு பகிடியோடு அங்கிருந்த நாள் முழுக்க நான் ‘மந்திரக்காரன்’. சாப்பாட்டுக் காசுக் கணக்கில் பிழை என்று உண்மையாகவே கோபப்பட்டபோதும், “ஐயோ, செய்வினை வைக்கப்போறான்” என்று சிரித்தார்கள். கோபத்துக்கே மதிப்பில்லாமல் போய்விட்டது.

இந்தப் பாய்க் கதைக்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் விளக்கம் வேறு. இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டில் வந்து இருப்பான். உத்தியோகத்துக்கு வந்த யாழ்ப்பாணத்து மகன் இங்கே முடித்துக்கொண்டு ஊர் திரும்பாவிட்டால் தாய் யாரைக் குற்றம் சொல்வாள்? மகனையா சொல்வாள்! பாயைத்தான்.

இதையெல்லாம் தெரிந்த நானே என்ன செய்தேன் தெரியுமா? காத்தான்குடி முஸ்லிம் நண்பர் ஒருவரிடம், “உங்கட ஆக்களுக்கு வியாபாரம் ரத்தத்திலயே இருக்கு” என்றேன். பாராட்டுத்தான், உங்கள் பொறுப்பாளர் சொன்னதைப் போல. அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “என்ட வாப்பா தோணியில போன மனிசன். கடனோடதான் மௌத்தாப் போனாரு” என்றார். கோப்பையைத் திரும்ப எடுக்கவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம்தான் வெட்கம். உங்களுடையது தேவையில்லாதது.

அதனால் பொறுப்பாளரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அதற்காக அவருக்குத் தமிழர் வரலாறு வகுப்பெடுக்கவும் வேண்டாம்; அதுவும் சம்பளமில்லாத வேலை. மறதி நோயோடு கிடக்கிற கிழவி “நீ எந்த நாடு?” என்று பத்துத் தரம் கேட்டால் பத்துத் தரமும் களுவாஞ்சிக்குடி என்றே சொல்லுங்கள், பாவம். வேலைப் பட்டியல் வேறு விஷயம். கடந்த ஆறு மாதத்தில் யார் எத்தனை சனி, ஞாயிறு செய்தார்கள் என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை கேட்டால் காரணம் சொல்லாமல், மன்னிப்புக் கேட்காமல், நம்மூர்ச் சொல் ஒன்று போதும்: ஏலாது. “தமிழர்கள்...” என்று அவர் தொடங்கினால் தாளைக் காட்டுங்கள்.

அம்மாவோடு சண்டை வேண்டாம். பேசாமல் இருந்துதான் அவ உங்களை வளர்த்திருப்பா.

ஏலாது என்பதற்கு ஜெர்மனில் இதே அளவு குட்டையான சொல் இருக்கிறதா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்றும்.