கிரேடு 1 என்றால் கவலை இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 48, உயரம் 165 செ.மீ., எடை 94 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மதுப் பழக்கம் இல்லை. வயிற்று ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று வந்தது. ‘இது எல்லோருக்கும் இருப்பதுதான்’ என்கிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது மேற்கொண்டு பரிசோதனை தேவையா? ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 52, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணுக்கள் 1.8 லட்சம்.
- வாசகி, திருச்சி

பதில்: அவசியம் தேவை. பலருக்கும் இருக்கிறது என்பதால் ஒரு நோய் சாதுவாகிவிடாது. ஸ்கேன் சொல்லும் கிரேடு, கல்லீரலில் படிந்திருக்கும் கொழுப்பின் அளவைத்தான் தோராயமாகக் காட்டுகிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு அந்தப் படமும் தெளிவாக விழுவதில்லை. நாம் அஞ்ச வேண்டியது, கொழுப்பால் ஏற்படும் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து, கல்லீரலில் தழும்பாக இறுகி, கடைசியில் கல்லீரல் சுருக்கத்தில் கொண்டுபோய் விடுவதைத்தான். அதுவரை பெரும்பாலும் வலியோ மஞ்சள் காமாலையோ தலைகாட்டாது என்பதால், தொந்தரவு இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தழும்பைக் கணிக்க முதலில் புதிய பரிசோதனை எதுவும் வேண்டாம். உங்கள் கையில் உள்ள சீட்டே போதும். ‘ஃபிப்-4’ என்னும் கணக்கில் வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கினால் 2,496 வருகிறது. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலமான 8-ஐ, ஆயிரங்களில் எண்ணிய தட்டணுக்களான 180-ஆல் பெருக்கினால் 1,440. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.73. இது 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். நீங்கள் இடையில் நிற்கிறீர்கள். (65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் வரம்பு 2.) எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருப்பவர்களுக்கும் தழும்பு இருக்கலாம் என்பதால், பருமனும் சர்க்கரையும் சேர்ந்திருப்பவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஊசியோ வலியோ கிடையாது. மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போனால் போதும். பருமனானவர்களுக்குரிய பெரிய ‘எக்ஸ்.எல்.’ கருவிமுனை அங்கே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அது இல்லாமல் எடுத்தால் அளவு தவறலாம். கல்லீரலின் இறுக்கம் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கூடவே ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் முடித்துவிடுங்கள்.

முடிவு எதுவானாலும் எடை குறைய வேண்டும். ஐந்து சதவீதம் குறைந்தாலே கொழுப்பு கரையத் தொடங்கும். அழற்சி தணிய ஏழு முதல் பத்து சதவீதம், அதாவது உங்களுக்கு ஆறரை முதல் ஒன்பதரை கிலோ வரை குறைய வேண்டியிருக்கும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைக்காமல், சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரின் மேற்பார்வையில் குறையுங்கள். இப்போது ஃபைப்ரோஸ்கேன் நன்றாக வந்தாலும், சர்க்கரை இருப்பதால் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஃபிப்-4 கணக்கை மீண்டும் பாருங்கள்.