புனிதர்களிடம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று கேட்பது வேதத்துக்கு விரோதமா? மாமியார் வீட்டுச் செபத்தில் நான் என்ன செய்வது?

கேட்டவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) வீட்டில் பிறந்து ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீட்டுக்கு மருமகளாகப் போன பெண், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு இது வேதாகமக் கேள்வியாக மட்டும் இருக்கும். 'மாமியார் வீட்டுச் செபம்' என்று எழுத மாட்டார்கள்.

நானும் அப்படிப் போனவள்தான், 19 வருடங்களுக்கு முன்னால். நான் இறையியல் படித்தவள் அல்ல, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். வசனங்களோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். அவற்றில் பாதியை என் அண்ணனே தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

நான் பிறந்த வீட்டில் இதற்கு ஒரே பதில்தான். 1 தீமோத்தேயு 2:5: 'தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே.' இதைச் சொல்லித்தான் அம்மா என்னைக் கல்யாணத்துக்கே அனுப்பினார். அதனால் தூத்துக்குடியில் புகுந்த வீட்டில் முதல்நாள் இரவு ஏழு மணிக்கு மாதா சுரூபத்தின் முன் எல்லோரும் முழங்காலிட்டபோது, நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அத்தை (என் மாமியார்) மட்டும் கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார். அந்த இடம் ஆறு வருடம் காலியாகவே இருந்தது.

பிறகு 2012-இல் என் மகனுக்கு டெங்கு வந்தது. ஐந்து வயது. பிளேட்லெட் 28,000-க்கு இறங்கிவிட்டது. அத்தை உவரி கோயிலின் புனித அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு, பையனின் தலையணைக்கு அடியில் ஒரு பதக்கத்தை வைத்தார். நான் எங்கள் ஆலயத்தில் ஜெபக் குறிப்புச் சீட்டு எழுதிக்கொடுத்தேன். ஞாயிறு ஆராதனையில் ஐயர் (எங்கள் போதகர்) பெயர் வாசித்து ஜெபித்தார். அண்ணன் தொலைபேசியில், "அந்தப் பதக்கத்தை முதலில் எடுத்துப் போடு. செத்தவர்களிடம் குறி கேட்காதே என்று உபாகமம் 18-இல் இருக்கிறது" என்றான். மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு கேட்கிற பேச்சா அது?

அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்று ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, பையன் கஞ்சி குடிக்க ஆரம்பித்த பிறகு கேட்டார்: "உன் கோயிலில் சீட்டு எழுதிக் கொடுத்தாயே, முகம் தெரியாத இருநூறு பேர் என் பேரனுக்காக வேண்டினார்களே, அவர்கள் எல்லாம் இயேசுவுக்குக் குறுக்கே வந்தவர்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் அத்தை" என்றேன்.

"அந்தோனியார் உயிரோடு இல்லை என்று உனக்கு யார் சொன்னது?" என்றார்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. நாம் தூக்கிக்கொண்டு வரும் 'ஒரே மத்தியஸ்தர்' வசனத்தை அவர்களும் மறுக்கவில்லை. மீட்பு கிறிஸ்துவால் மட்டும்தான் என்றுதான் அவர்களுடைய ஞானோபதேசமும் (மறைக்கல்வி நூலும்) சொல்கிறது. தவிர, அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் பவுல் எல்லாருக்காகவும் வேண்டுதல் செய்யத்தானே சொல்கிறார்? உபாகம வசனமும் சரியாகப் பொருந்தவில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று குறி கேட்பது வேறு, எனக்காக வேண்டு என்று கேட்பது வேறு. கேள்வி இன்னும் குறுகலானது. பரலோகத்தில் இருப்பவர்களுக்கு நம் குரல் எட்டுமா, அவர்களைக் கூப்பிடும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறதா?

ஆர்.சி. தரப்பில் வெளிப்படுத்தல் 5:8-ஐக் காட்டுவார்கள்: மூப்பர்கள் கையில் தூபவர்க்கம் நிறைந்த பொற்கலசங்கள், அவை பரிசுத்தவான்களின் ஜெபங்கள். 2 மக்கபேயர் 15-இல் இறந்துபோன எரேமியா மக்களுக்காக வேண்டுவதாக ஒரு காட்சி வருகிறது. அது அவர்களுடைய 73 புத்தகங்களில் இருக்கிறது, என் 66-இல் இல்லை. இருந்தாலும் இரண்டு இடத்திலும் யாரும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. பரலோகத்தில் வேண்டுகிறார்கள் என்பதற்கு அது சாட்சி. நான் கூப்பிட்டால் கேட்கும் என்பதற்கு இல்லை. லூத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, 21-ஆவது பிரிவில், புனிதர்களை நினைவுகூருங்கள், அவர்களிடம் உதவி கேட்காதீர்கள் என்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 22-ஆவது, அது வேத ஆதாரமில்லாத வீண் கற்பனை என்று இன்னும் காரமாகச் சொல்கிறது. மறுபக்கம், 1563-இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் இது 'நல்லதும் பயனுள்ளதும்' என்றது. செய்யாவிட்டால் மீட்பில்லை என்று சொல்லவில்லை, இதை ஆர்.சி. சொந்தங்களுக்கு நானே சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு வேடிக்கை: புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரே 1505-இல் இடி மின்னலில் மாட்டிக்கொண்டு 'புனித அன்னாவே, உதவும்' என்று கத்தித்தான் துறவியாகப் போனார்.

அவர்கள் பக்கமும் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. உவரியில் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். 'வேண்டிக்கொள்ளும்' என்ற சொல்லே பல நேரம் காணாமல் போய்விடுகிறது. 'அந்தோனியார் கொடுத்தார், அந்தோனியார் கைவிட்டார்' என்பதுதான் பேச்சு. இது பேரம். கத்தோலிக்கச் சாமியார்களே பிரசங்கத்தில் திட்டுகிறார்கள், நான் சொன்னால் மட்டும் பிரிவினை. தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தபோது எங்கள் வீட்டில் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் விசுவாசத்துக்காகச் சுடப்பட்ட மனிதர். அவரை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அவர் பரிந்துரையால் ஒரு புதுமை (அற்புதம்) நடந்ததா என்று விசாரித்துத்தான் பட்டம் கொடுப்பார்கள். அந்த விசாரணை இல்லாவிட்டாலும் எனக்கு அவர் இரத்தசாட்சிதான்.

இறந்தவர்கள் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை. என் அம்மா இறந்தபோது, நாற்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவரின் பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். சபைச் சந்தா பதினான்கு மாதம் பாக்கியாம், கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட அனுமதிச் சீட்டாம். அம்மா கடைசி ஒரு வருடம் படுக்கையில் இருந்தார் என்பது கமிட்டிக்குத் தெரியாதா? பணம் கட்டிய ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். சுரூபத்தைப் பார்த்தால் கொதிக்கிற என் அண்ணன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஆர்.சி. அத்தைதான் தன் சுருக்குப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினார். சரி, விடுங்கள்.

நீங்கள் என்ன செய்வது என்றுதானே கேட்டீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. கணவர் கப்பலில் வேலை, மாமா அதற்கு முன்பே இறந்துவிட்டார். மாதாவை ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைக்கும் தேவமாதா பிரார்த்தனை அத்தைக்கு மனப்பாடம்தான். ஆனால் புத்தகம் பார்க்காவிட்டால் வரிசை தடுமாறும். வாசிக்க என்னை விட்டால் ஆளில்லை. பாயில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அதை முதல்முறையாக ஒழுங்காகக் கவனித்தேன். பிதாவையும் சுதனையும் பரிசுத்த ஆவியையும் அழைக்கும்போது பதில் 'எங்களைத் தயைசெய்து இரட்சியும் சுவாமி'. மரியாளின் பெயர் வந்ததும் பதில் மாறிவிடுகிறது: 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.' அங்கே 'இரட்சியும்' கிடையாது. ஆறு வருடம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டும் என் காதில் அது விழவில்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பெயர்களை நான் வாசிப்பேன். பதிலை அத்தை சொல்வார். திரித்துவத்துக்கான பதிலை இருவரும் சேர்ந்து சொல்வோம். இது கோழைத்தனம், இரண்டு படகில் கால் என்று என் சபையார் சொன்னார்கள். பதிலையும் நான் சொல்லிவிட்டால்தான் என்ன என்று நாத்தனார் சொன்னார். இரண்டும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றை வாயால் சொல்லவும் முடியாது, கண் தெரியாத கிழவியைத் தனியாக விடவும் முடியாது. விசுவாசப் பிரமாணத்தில் நான் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்கிறேன், அதையே அத்தை பழைய பாடத்தில் 'அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம்' என்கிறார். சொல்லத்தான் அவருக்கு மூச்சு அதிகம் வேண்டும்.

உங்கள் மாமியார் என் அத்தை போல இருப்பார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. முழங்காலிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் கணவரிடம் நேராகப் பேசுங்கள், அதில் தயங்காதீர்கள்.

அத்தைக்குக் கண் அறுவை முடிந்து இப்போது தானே வாசிக்கிறார். நான் அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பேன். மாதாவின் பெயர்களில் 'தாவீது இராசாவின் உப்பரிகையே' வந்ததும் அடுத்த வரியைத் தாண்டி 'சொர்ணமயமான ஆலயமே'க்குப் போய்விடுவார். "தந்தமயமான உப்பரிகை விட்டுப்போயிற்று அத்தை" என்று தோசையைத் திருப்பிக்கொண்டே நான்தான் எடுத்துக்கொடுக்கிறேன்.