கோழிக்கு அடியில் இருந்த நெல்

அன்புள்ள அண்ணாச்சி,

போன மாதம் எங்கள் பெரியம்மாவின் பதினாறாம் நாள் அடியந்திரம். பந்தி முடிந்து ஆண்கள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கலாமா கூடாதா, அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது சரியா என்று பேச்சு ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் அது 1942-க்குப் போய்விட்டது. "உங்க கட்சிக்காரன் வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடிச்சவன்தானே" என்று மாமா கேட்க, "வீட்டு முற்றத்துல திவான் சர் சி.பி. படத்தை மாட்டி வச்சிருக்கிற நீங்க அதைச் சொல்லக்கூடாது" என்று கம்யூனிஸ்டான என் தம்பி எழுந்துவிட்டான். இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாமா மகள் கல்யாணம் வருகிறது, அழைப்பார்களா என்றே தெரியவில்லை.

1942-ல் கம்யூனிஸ்டுகள் 'மக்கள் யுத்தம்' என்று சொல்லி வெள்ளைக்காரனின் யுத்தத்தை ஆதரித்தது புரிந்துகொள்ளக்கூடிய தவறு என்று நீங்கள் முன்பு எழுதியிருக்கிறீர்கள். அது நியாயப்படுத்துவது இல்லையா? மாமா சொல்வதுபோல கரண்டும் பஸ்ஸும் தொழிற்சாலையும் தந்த அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டாமா? மாமாவின் அப்பா எழுதிய கணக்கு நோட்டுகள் இன்னும் அவர் அலமாரியில் இருக்கின்றன. அந்தக் காலத்தை எங்களைவிட அவருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. நழுவாமல் பதில் சொல்லுங்கள்.

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

நழுவவில்லை. ஆனால் உங்கள் மாமாவுக்கும் தம்பிக்கும் தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதை மறைத்துவிட்டு இந்த விஷயத்தில் நான் பேசினால் சரியாக இருக்காது.

எங்களுக்கு தோவாளை தாலுகா. அப்பாவின் அப்பா கதர் கட்டியவர், காந்தி படத்துக்கு தினமும் விளக்கு வைத்தவர். ஐந்து கோட்டை நெல் விதைக்கிற வயல் இருந்தது, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் தவறாமல் விளையும், பேச்சிப்பாறை அணைத் தண்ணீர். யுத்த காலத்தில் சர்க்கார் நெல்லை அளந்து எடுக்க ஆள் அனுப்பியபோது அவர் செய்தது இதுதான்: பத்தாயத்தில் கணக்குக்குத் தேவையான நெல்லை வைத்துவிட்டு, மிச்சத்தைப் பானைகளில் போட்டு வைக்கோல் படப்புக்குள் சொருகி, வாயில் வைக்கோலை அடைத்து, அதன்மேல் அடைகோழியை உட்கார வைத்தார். வந்தவர் குத்தூசியோடு படப்பைச் சுற்றி வந்து ஒரு குத்து குத்த, கோழி எழுந்து அவர் முகத்துக்கு நேரே பாய, மனிதர் சிரித்துக்கொண்டே போய்விட்டாராம். இந்தக் கதையை ஆச்சி எத்தனையோ முறை சொல்லி நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம்.

சாகும் வருடத்தில்தான் மிச்சத்தைச் சொன்னாள். அதே வாரம் விளவங்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை தலையில் கருப்பட்டிக் கூடையோடு நடந்தே வந்திருக்கிறாள், இடுப்பில் ஒரு குழந்தை. துட்டு வேண்டாம், கருப்பட்டியை எடுத்துக்கொண்டு நெல் கொடுங்கள் என்றாள். மரச்சீனிக் கிழங்கையே தின்று குழந்தைக்கு வயிறு ஊதிவிட்டது என்றாள். ஆச்சி "நெல்லு இல்லம்மா, சர்க்கார் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொன்னபோது கோழி படப்பில்தான் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் கோழியைப் பார்த்தாளா இல்லையா என்பது ஆச்சிக்குக் கடைசிவரை சந்தேகம்.

சரி, இனி 1942.

திருவிதாங்கூர் சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது, அதிலும் பெரும்பகுதி பர்மா அரிசி. மலையில் தேயிலையும் ரப்பரும், கடலோரத்தில் தெங்கும் வைத்துக் காசு பார்த்த ராஜ்யம், சோற்றுக்கு ரங்கூனை நம்பியிருந்தது. 1942 மார்ச் 8-ந்தேதி ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அவ்வளவுதான், கப்பல் நின்றது. நாஞ்சில் நாடும் குட்டநாடும் விளைவித்த நெல்லை வைத்து ராஜ்யம் முழுவதையும் காப்பாற்ற வேண்டிய நிலை. சேர்த்தலைப் பக்கம் கயிறு திரித்துப் பிழைத்தவர்கள் பசியிலும் காலராவிலும் கூட்டமாகச் செத்தார்கள். வங்காளப் பஞ்சத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அதே சமயத்தில் நம் ராஜ்யத்திலேயே நடந்தது நம்மில் பலருக்குத் தெரியாது.

இந்தப் பின்னணியில்தான் உங்கள் மாமாவின் குற்றச்சாட்டைப் பார்க்க வேண்டும். 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டபோது இங்கே கம்யூனிஸ்டுகள் இது ஏகாதிபத்தியச் சண்டை என்று சொல்லி யுத்தத்தை எதிர்த்தார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். 1941 ஜூன் 22-ல் ஹிட்லர் ரஷ்யாவுக்குள் நுழைந்தான். ஆறு மாதம் உள்ளுக்குள் அடித்துக்கொண்டபின் கட்சி 'மக்கள் யுத்தம்' என்றது. 1942 ஜூலையில் கட்சி மேலிருந்த தடை நீங்கியது, ஆகஸ்ட் 8-ல் காங்கிரஸ் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் போட்டது, அடுத்த நாள் காந்தி உள்ளே, கம்யூனிஸ்ட் வெளியே. பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருந்தது, அதில் உங்கள் மாமாவோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அன்றைக்கு யார்தான் தனியாக நின்றார்கள்? ராஜாஜி அதற்கு முந்தின மாதமே காங்கிரஸை விட்டுப் போயிருந்தார், அந்தத் தீர்மானத்தையும் எதிர்த்தார். பெரியாரின் ஜஸ்டிஸ் கட்சி யுத்தத்துக்கு ஆதரவு. அம்பேத்கர் அதே 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர். இந்து மகாசபை வங்காளத்திலும் சிந்துவிலும் மந்திரிசபையில் உட்கார்ந்திருந்தது. கம்யூனிஸம் என்றாலே முகம் சுளிக்கும் சர்ச்சில் ஸ்டாலினோடு கைகுலுக்கினார். சுபாஷ் போஸ் பெர்லினுக்கும் அங்கிருந்து டோக்கியோவுக்கும் போனார். கூட்டுச் சேர்ந்ததையே துரோகம் என்றால் மிஞ்சுகிற ஆளைத் தேட வேண்டியதுதான்.

எனக்குத் தோன்றுவது வேறு. யாரோடு கூட்டுச் சேர்கிறோமோ அவரைப் பற்றிப் பேச முடியாமல் போகிறது, விஷயம் அதுதான். கம்யூனிஸ்டுகள் அந்த நாட்களில் உணவுக் கமிட்டி போட்டார்கள், பதுக்கல்காரனைப் பிடி, ரேஷனைக் கொண்டுவா என்று ஊர் ஊராகக் கத்தினார்கள். என் தாத்தா போன்றவர்களைத்தான் சொன்னார்கள், நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னார்கள். தேசியம் பேசிய எங்கள் வீட்டுப் படப்பைக் குத்திப் பார்க்கச் சொன்னது அவர்கள்தான். ஆனால் கப்பலை யுத்தத்துக்கு எடுத்துக்கொண்டு ஊரைப் பட்டினி போட்ட லண்டன் சர்க்காரைச் சொல்ல வேண்டிய இடத்தில் குரல் இறங்கிவிட்டது. ஸ்டிரைக் வேண்டாம், உற்பத்தியைக் கூட்டு என்றார்கள். போஸை ஜப்பான் பிரதமர் டோஜோவின் கைப்பாவையாகக் கார்ட்டூன் போட்டார்கள். நான் தவறு என்று எழுதியது இதை. ஹிட்லருக்கு எதிராக நின்றதை அல்ல.

இதே அளவுகோலை மற்றவர்களுக்கும் வைக்க வேண்டும் இல்லையா? 1943 அக்டோபர் 17-ல் சயாம் (இன்றைய தாய்லாந்து), பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் இணைந்தன. 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் அடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் செத்தார்கள், போட்டது ஜப்பான். நான்கே நாள் கழித்து, அக்டோபர் 21-ல், அதே ஜப்பானின் ஆதரவில் சிங்கப்பூரில் போஸ் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார், அந்தப் படையிலும் மலாயாத் தோட்டத் தமிழர்கள் நிறையப் பேர். போஸின் தியாகத்தைச் சந்தேகிக்க நான் யார். ஆனால் ரயில் பாதையில் செத்தவனுக்காக ஜப்பானிடம் உரத்துக் கேட்கும் இடத்தில் அவர் இல்லை, அதுவும் உண்மை.

இப்போது சர் சி.பி. மாமா சொல்வது பொய் இல்லை. 1938-ல் அரசு பஸ் ஓட்டினார் (கம்யூனிஸ்டைக் கண்டால் ஆகாத மனிதர் பஸ்ஸை அரசுடைமை ஆக்கியது தனி வேடிக்கை), 1940-ல் மூணாறு பக்கம் பள்ளிவாசலில் நீர்மின்சாரம், ஆலுவாயில் உரத் தொழிற்சாலை, டைட்டானியம் ஆலை, 1944-ல் தூக்குத் தண்டனையை ஒழித்தது. இதெல்லாம் பெரிய விஷயம்தான். கூடவே 1938 ஆகஸ்ட் 31-ல் நெய்யாற்றின்கரையில் கூட்டத்தைச் சுட்டதும், அதே வருஷம் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்கு மூடப்பட்டதும் வரும். திவானை எதிர்த்துப் போராடிய ஸ்டேட் காங்கிரஸுக்கு ஆதரவாக இருந்த முதலாளிகளை நசுக்கத்தான் பாங்கை முடித்தார் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொன்னார்கள், பணம் போட்டவன் வயிற்றில் அடி விழுந்தது மட்டும் யாரும் மறுக்காதது. 1946 அக்டோபரில் புன்னப்ரா வயலாரில் திவானை எதிர்த்த தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றது. 1947-ல் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தார், பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியை நியமித்தார், ஜின்னா வரவேற்றார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அணுசக்திக்கு வேண்டிய தோரியம் இருந்தது அவர் கையில் இருந்த சீட்டு. ஜூலை 25-ல் அவர்மேல் வெட்டு விழுந்தபின்தான் சுதந்திரத் திருவிதாங்கூர் முடிந்தது. "வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடித்தவன்" என்று தம்பியைக் கேட்கிற மாமா, யுத்தம் முழுக்க வெள்ளைக்காரனோடு இருந்துவிட்டு அவன் போகிற நேரத்தில் இந்தியாவோடு சேர மாட்டேன் என்ற திவானை முற்றத்தில் மாட்டியிருக்கிறார். படத்தைக் கழற்றச் சொல்லவில்லை, அவர் வீடு, அவர் சுவர். தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது என்கிறேன்.

கூட்டாளியையே குறை சொன்னவன் ஒருவனைக் காட்டு என்று கேட்பீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த்தமிழகத்தோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. சுட்டது பட்டம் தாணுப்பிள்ளையின் திருவிதாங்கூர்-கொச்சி அரசு, சர் சி.பி.யை எதிர்த்து 1938-ல் ஸ்டேட் காங்கிரஸ் நடத்திய அதே பட்டம். ஆட்சி பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது வடக்கே ஜெயிலில். அங்கிருந்தே, நம் அரசு பதவி விலக வேண்டும் என்றார். நாட்டிலேயே அந்தக் கட்சிக்கு இருந்த ஒரே முதலமைச்சர் பட்டம். கட்சி கேட்கவில்லை, பட்டத்தின் பக்கம் நின்றது, அடுத்த வருஷம் லோகியா வெளியே. பூதப்பாண்டிக்காரர், கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவும், 1962-ல் சீனப்படை எல்லை தாண்டியபோது அதை ஆக்கிரமிப்பு என்றே பேசினார், கட்சிக்குள் அதைச் சொல்லத் தயங்கியவர்கள் இருக்க. இரண்டு வருஷத்தில் கட்சி உடைந்ததைப் பார்க்க அவர் இல்லை.

ரஷ்ய எண்ணெய்க்கு வருகிறேன், சண்டை அங்கேதானே ஆரம்பித்தது. மலிவாகக் கிடைத்தால் வாங்கத்தான் வேண்டும், பர்மா அரிசிக்காகப் பட்டினி கிடந்த ராஜ்யத்தின் பேரப்பிள்ளைகளான நமக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்குகிறோம் என்பதற்காக உக்ரைனில் விழுகிற குண்டைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் அங்கேதான் எனக்குக் கோபம் வரும். ரஷ்ய எண்ணெயைக் காட்டி அமெரிக்காக்காரன் வரி போட்டான் என்பதற்காக அவன் செய்வதெல்லாம் நியாயம் என்று பேசுகிறவர்களும் பந்தலில் இருந்திருப்பார்கள், எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

கல்யாண விஷயத்தில் நான் தலையிட முடியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். மாமாவிடம் போய் அந்தக் கணக்கு நோட்டுகளைக் கேளுங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொல்லம் ஆண்டு 1118, 1119 (1942 ஆகஸ்ட் முதல் 1944 ஆகஸ்ட் வரை), அந்த இரண்டு வருஷத்துப் பக்கங்கள் போதும். விளைந்தது எத்தனை கோட்டை, சர்க்காருக்கு அளந்தது எத்தனை, விற்றது எத்தனை என்று கூட்டிப் பாருங்கள். எங்கள் தாத்தாவின் நோட்டில் 1118 கும்பப்பூவில் பதினோரு கோட்டை கணக்கில் இடிக்கிறது. மாமா வீட்டு நோட்டிலும் இடித்தால் எனக்கு எழுதுங்கள். இடிக்கவில்லை என்றால் கட்டாயம் எழுதுங்கள், நேரில் வந்து நோட்டு எழுதிய அந்தப் பெரியவரின் படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.